பிளினியின் 'சேரெஸ்' சேரரா? உரோமர் வாளும் தென்னாட்டு உருக்கும்

உரோமப் படைவீரனின் இடுப்பில் தொங்கிய வாள் சேர நாட்டு எஃகால் அடிக்கப்பட்டது என்னும் கூற்று சமூக ஊடகங்களில் ஓய்வின்றிச் சுற்றி வருகிறது. 2025 சனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' அறிக்கையை வெளியிட்டு, சிவகளையில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக அறிவித்த பின்னர் அதன் வேகம் இன்னும் கூடிற்று. ஒன்றுக்கு மற்றொன்று சான்று என்பது போல இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு வினாக்கள். சிவகளையின் காலக்கணிப்பு அகழ்குழி, மண்ணடுக்கு, ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் மீது நிற்பது. ஏற்போரும் ஐயுறுவோரும் அந்தத் தளத்திலேயே வாதிடலாம். உரோம வாளைப் பற்றிய கூற்றோ பெரும்பாலும் ஓர் இலத்தீன் சொல்லின் மீது நிற்பது. ஆகவே அதை மொழியியல் கொண்டுதான் முதலில் சோதிக்க வேண்டும்.

அச்சொல் 'சேரெஸ்'. கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடிப்பின்போது இறந்த மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' நூலின் 34ஆம் புத்தகத்தில் பல நாட்டு இரும்புகளைத் தரவரிசைப்படுத்துகிறார். முதலிடம் 'சேரிக' இரும்புக்கு. சேரெஸ் மக்கள் அதைத் தங்கள் துணிகளோடும் தோல்களோடும் அனுப்புகின்றனர் என்கிறார். இரண்டாமிடம் பார்த்தியருடையதற்கு. இந்த ஒரு வாக்கியந்தான் மூலம். 'சேரெஸ்' என்பதைச் 'சேரர்' என்று படித்துவிட்டால் மற்றவை தாமாகவே வந்து சேர்கின்றன. இந்த இணைப்பைத் தமிழ்ப் பற்றாளர் அண்மையில் கண்டுபிடித்ததாகக் கருத வேண்டியதில்லை. எரித்திரேயக் கடற்பயண நூலை 1912இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஸ்காஃப், 1915இல் உரோமப் பேரரசின் கீழ்த்திசை இரும்பு வணிகம் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். அக்காலந்தொட்டு நடந்துவரும் விவாதம் இது.

இணைப்பின் கவர்ச்சியை மறுக்க முடியாது. இலத்தீன் 'சேரெஸ்' நெடில் ஏகாரம் கொண்டது. 'சேர்' என்னும் அடியோடு ஒலியளவில் அப்படியே பொருந்துகிறது. தமிழ்ச் சகரத்தைக் கிரேக்கர் சிக்மா எழுத்தால் குறித்தமைக்கும் சான்று உண்டு. தாலமி சோழரைச் 'சோரை' என்கிறார். 'சோர்நகோஸ்' என்றொரு மன்னர் பெயரையும் தருகிறார். சோழன் 'சோர' ஆகலாமெனில் சேரன் 'சேர' ஆவதற்கு என்ன தடை? ஒலியியல் அளவில் தடை ஏதுமில்லை. ஆனால் ஒலி பொருந்துவது ஒரு வாய்ப்பைத்தான் காட்டும். அதே நூலாசிரியர்கள் சேரரை எப்பெயரால் குறித்தார்கள் என்று பார்ப்பதே அடுத்த படி. பகிரப்படும் பதிவுகள் நின்றுவிடுவது இந்தப் படிக்கு முன்னால்தான்.

பிளினி தம் ஆறாம் புத்தகத்தில் முசிறித் துறையைக் குறிப்பிட்டு, அங்கு ஆளும் மன்னனின் பெயரைக் 'கேலொபொத்ராஸ்' என்று தருகிறார். கடற்பயண நூலில் அது 'கெப்ரொபொதோஸ்'. தாலமியிடம் 'கேரொபொத்ரோஸ்', அவனது தலைநகர் 'கரூரா'. மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் வரும் 'கேரளபுத்ர' வகைப் பெயரின் திரிபுகளே இவை. ஈற்றில் உள்ள 'பொத்ராஸ்' என்பது 'புத்ர'.

ககரம் மூத்தது, சகரம் பிந்தியது என்பது திராவிட ஒப்பிலக்கணத்தின் பாலபாடம். இ, ஈ, எ, ஏ ஆகிய முன்னுயிர்களுக்கு முன் நின்ற ககரம் தமிழிலும் மலையாளத்திலும் சகரமாயிற்று. கன்னடத்தில் அப்படியே நின்றது. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி, சேரி, கேரி, செய், கெய். அடுத்து நாவளை ஒலி வரும் கேள், கிளி, கீழ் போன்ற சொற்களில் மட்டும் தமிழ் ககரத்தைக் காத்துக்கொண்டது. 'கேரள'த்தில் அடுத்து வருவது இடையின ரகரமாதலால் 'சேரல்' பிறந்தது. சோழர் பெயரில் பின்னுயிர் இருப்பதால் அங்கு இந்த மாற்றத்துக்கே இடமில்லை. அது தொடக்கத்திலிருந்தே சகரம். சோழர் கிரேக்கத்தில் சிக்மாவோடும் சேரர் கப்பாவோடும் எழுதப்பட்டதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. ககர வடிவம் பிராகிருதம் பேசிய வடநாட்டு வணிகர் வழியே போயிருக்கலாம். முசிறித் துறையில் உள்ளூரார் சொன்னது சகர வடிவமாக இருந்திருக்கலாம். புகழூர்க் குகைக் கல்வெட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'செல்' என்றே சேரர் குடிப்பெயர் வருகிறது. அப்படியானால் பிளினியின் ஆறாம் புத்தகத்துக்கு ஒரு மூலமும் 34ஆம் புத்தகத்துக்கு வேறொரு மூலமும் இருந்து, ஒரே மக்களை அவர் அறியாமலே இரு பெயரால் குறித்திருக்கலாகாதா? பிளினி நூற்றுக்கணக்கான நூல்களிலிருந்து தொகுத்தவர். அவரிடம் இது நிகழக்கூடியதே.

ஆனால் கடற்பயண நூலின் ஆசிரியர் தொகுப்பாளர் அல்லர். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து வணிகம் செய்தவர். மலபார்க் கரையை நேரில் அறிந்தவராகவே எழுதுகிறார். அவர் முசிறியைக் கெப்ரொபொதோசின் நாடு என்கிறார். அதற்கு இரண்டு அதிகாரம் தள்ளி, அதே கரையிலிருந்து ஏற்றுமதியாகும் பொருள்களைப் பட்டியலிடும்போது மிளகு, முத்து, தந்தம், நரந்தம், ஆமையோடு ஆகியவற்றோடு 'சேரிக'த் துணியையும் சேர்க்கிறார். அது கீழ்த்திசையிலிருந்து அங்கு வந்து சேர்ந்த பட்டு. பட்டு வரும் 'தீன' நாட்டைப் பற்றி நூலின் இறுதிப் பகுதியில் தனியே பேசுகிறார். சேரரின் துறையில் நின்றுகொண்டு, சேரரை ஒரு பெயராலும் பட்டின் மக்களை வேறு பெயராலும் ஒருவர் குறிக்கிறார் என்றால், இரண்டும் ஒன்றெனக் கொள்ள இடமில்லை.

தோல் என்னும் சிறு விவரமும் அதே திசையையே காட்டுகிறது. பிளினியின் வாக்கியத்தில் இரும்பு தனியே வரவில்லை; துணியோடும் தோலோடும் வருகிறது. கடற்பயண நூலில் 'சேரிக'த் தோல் எந்தத் துறையிலிருந்து ஏற்றுமதியாகிறது? சிந்து நதியின் கழிமுகத்திலிருந்த பார்பரிகத்திலிருந்து. முசிறிப் பட்டியலில் தோல் இல்லை. முசிறிப் பட்டியலில் இரும்பும் இல்லை. சேர இரும்பு பற்றி எழுதுவோர் இந்த இன்மையைச் சொல்வதே இல்லை. பிளினியின் முதற்பரிசு பெற்ற இரும்பு மத்திய ஆசியாவின் வழியாகவோ வடமேற்கு இந்தியாவின் வழியாகவோ போனது என்று கொள்வதே அவ்வாக்கியத்துக்கு நேர்மையான வாசிப்பு. தட்சசீலத்தில் மார்ஷல் அகழ்ந்தெடுத்த முதல் நூற்றாண்டு வாள்களில் கரிமம் மிகுந்த எஃகு இருந்ததும் இங்கு நினைக்கத் தக்கது. அலெக்சாந்தருக்குக் கொடுக்கப்பட்டதாகக் குர்தியசு எழுதும் நூறு தாலந்து 'வெள்ளிரும்பு'ம் மாளவர் முதலான பஞ்சாப் மக்களுடையது. அதைத் தெற்கே இழுத்துவருவதற்கு எந்த வழியும் இல்லை.

இடையே இன்னொரு சொல்லையும் தீர்த்துவிடலாம். சேரரின் 'இரும்பொறை' என்னும் பட்டம் இரும்புத் தொழிலைக் குறிப்பது என்ற விளக்கம் இப்பதிவுகளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. தமிழின் புணர்ச்சி இலக்கணமே இதை மறுக்கிறது. மென்தொடர்க் குற்றியலுகரமாகிய 'இரும்பு' தொகையில் முன்மொழியாகும்போது வன்தொடராகத் திரியும்: இருப்புப்பாதை, இருப்புலக்கை, இருப்புச்சட்டி. இரும்பின் மலை என்பது கருத்தாயின் 'இருப்புப்பொறை' என்று வந்திருக்க வேண்டும். 'இரும்பொறை'யில் இருப்பது பெருமை குறிக்கும் 'இரும்' என்னும் அடை. சங்கப் பாடல்களில் 'எஃகு' வருமிடமெல்லாம் உலோகவியலார் சொல்லும் எஃகைப் படிப்பதும் இதே வகைப் பிழை. அங்கு அது பெரும்பாலும் வேலையும் வாளையும், கூர்மையையும் குறிக்கிறது; ஆயுதத்துக்கு ஆகுபெயராக நிற்கும் சொல்லைக் கரிம அளவுக்குச் சான்றாக்க முடியாது.

சரி, உரோமர் தங்கள் வாளை எதனால்தான் செய்தார்கள்? பெரும்பாலும் தங்கள் நிலத்து இரும்பால். எல்பாத் தீவின் தாது கரையோரப் பொப்புலோனியாவில் உருக்கப்பட்டு, அங்கு கசடு மலையாகக் குவிந்தது. ஆல்ப்சு மலைப்பகுதியின் நோரிக்கம், இன்றைய ஆசுத்திரியா, எஃகுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஒராசு என்னும் கவிஞர் பேர்போன வாளுக்கு எடுத்துக்காட்டுத் தேடியபோது நினைத்தது நோரிக்க வாளைத்தான். எசுப்பானியாவின் பில்பிலிசு, தோய்ச்சலுக்கு ஏற்ற நீருக்காகப் புகழ்பெற்ற ஊர். பிளினியே இதைச் சொல்கிறார். குட்டைவாளின் வடிவத்தையே உரோமர் எசுப்பானியரிடமிருந்து எடுத்துக்கொண்டனர்.

அவர்களுடைய உலையில் இரும்பு உருகியதில்லை. தூய இரும்பின் உருகுநிலை 1538 பாகை செல்சியசு. மரக்கரியும் துருத்தியும் கொண்ட அவ்வுலைகள் அதை எட்டவில்லை. கசடு மட்டும் உருகி வழிய, இரும்பு கடற்பஞ்சு போன்ற திரளாக அடியில் தங்கும். அதைச் சூட்டோடு எடுத்து அடித்து அடித்துக் கசடைப் பிழிந்து வெளியேற்றுவதே கொல்லனின் முதல் வேலை. எவ்வளவு அடித்தாலும் கசடின் மெல்லிய இழைகள் உள்ளே நின்றுவிடும்; இன்று நுண்ணோக்கியின் கீழ் அவ்விழைகளே அந்த இரும்பின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. கரியோடு நெடுநேரம் கிடந்த பகுதி கரிமத்தை ஏற்று எஃகாகும். மற்றது மென்மையாகவே இருக்கும். இரண்டையும் அடுக்கி ஒட்டி, கடினமானது வாயிலும் மென்மையானது நடுவிலும் அமையுமாறு வாள் அடித்தனர். எல்லா வாளும் ஒரே தரமன்று. பிரித்தானியாவில் கிடைத்த உரோம வாள்கள் பற்றி 1988இல் ஜேனட் லாங் வெளியிட்ட உலோகவியல் ஆய்வு, வாளுக்கு வாள் தரம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டிற்று.

அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இசுகாத்லாந்தின் இஞ்ச்துதில் என்னும் கோட்டையைக் கி.பி. 86ஐ ஒட்டிக் கைவிட்டபோது உரோமர் புதைத்துச் சென்ற ஆணிகள் மட்டும் சுமார் 8,75,000. ஒரு கோட்டையின் ஆணிக்கே இவ்வளவு இரும்பு தேவைப்பட்ட படைக்கு, பருவக்காற்றை நம்பி ஆண்டுக்கொரு முறை வரும் கப்பலின் சரக்கு எம்மூலைக்கு? பிற்காலத்தில் அரசே ஆயுதச் சாலைகளை நடத்தியது. கி.பி. 400ஐ ஒட்டிய அலுவற்பட்டியல் ஒன்று வாளுக்கு லூக்கா, அம்புக்குக் கொங்கோர்தியா என ஊர்வாரியாக அவற்றைக் குறிக்கிறது. அச்சாலைத் தொழிலாளர் ஓடி ஒளிந்தால் அடையாளம் காண்பதற்காக அவர்களின் கையில் சூட்டுக்குறி இடவேண்டும் என்று 398இல் சட்டம் பிறந்தது. உரோமப் படைக்கலத்தின் பின்னே இருந்த கைகள் இவை.

அப்படியானால் இந்திய இரும்பு உரோம உலகுக்குப் போகவேயில்லையா என்றால், போயிற்று. கடற்பயண நூலின் ஆறாம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது: அரியகத்தின் உள்நாட்டிலிருந்து, அதாவது மேற்குத் தக்காணப் பகுதியிலிருந்து, இந்திய இரும்பும் எஃகும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள அதூலித் துறைக்கு இறங்கின. எஃகுக்கு அங்கு வரும் கிரேக்கச் சொல் 'ஸ்தோமோமா'. 'வாய்' என்னும் பொருளுடைய 'ஸ்தோமா'விலிருந்து பிறந்தது. ஆயுதத்தின் கூர்விளிம்பைத் தமிழும் 'வாய்' என்றே சொல்கிறது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தில் சந்திக்கும் இடம் இது. இதையும் யாரேனும் கடன்சொல் ஆக்கிவிடக் கூடாது.

பேரரசுக்குள் வந்த இந்திய இரும்பு எங்கே போயிற்று என்பதற்கு இரண்டு சிறு தடயங்கள் உள்ளன. ஒன்று, யுசுதீனியனின் சட்டத் திரட்டில் மார்சியனுசு என்னும் சட்ட அறிஞர் வழியாகக் காக்கப்பட்ட சுங்கப் பட்டியல். சுங்கம் செலுத்த வேண்டிய கீழ்த்திசைச் சரக்குகளில் இலவங்கம், இஞ்சி, ஏலம், தந்தம், முத்து, மணிக்கற்கள் ஆகியவற்றோடு இந்திய இரும்பும் நிற்கிறது. இன்பப் பொருள்களின் கூட்டம் அது. மற்றொன்று, கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமென்ட் என்னும் கிறித்தவ அறிஞர் செல்வரின் ஆடம்பரத்தைக் கடியும் இடம். வெள்ளிக் குமிழும் தந்தப் பிடியும் இல்லாத கத்தி இறைச்சியை வெட்டாதா, அதற்கு இந்திய இரும்புதான் வேண்டுமா என்னும் பொருள்படக் கேட்கிறார். மிளகிட்ட இறைச்சியை அறுக்கும் பந்திக் கத்தி. இந்திய எஃகு உரோம உலகில் இருந்த இடத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று அரிது. அதில் வீரம் குறைவு. ஆனால் தரத்தைப் பற்றிய செய்தி நிறைய. தொலைநாட்டுக் கொல்லன் செய்த பொருள் தந்தத்துக்கும் வெள்ளிக்கும் நிகராக மதிக்கப்பட்டது என்பதை, அதை வெறுத்த ஒருவரே சொல்லிச் சென்றிருக்கிறார்.

அந்தத் தரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தென்னாட்டின் மூசை உருக்கு முறை விளக்குகிறது. உலையில் கிடைத்த தேனிரும்பைத் துண்டுகளாக்கிச் சிறு மண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, மண்ணால் வாயை அடைத்துத் துருத்தி ஊதுவார்கள். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இம்முறையை விவரித்துள்ளார். இலையும் குச்சியும் தரும் கரிமம் இரும்பில் ஏற ஏற உருகுநிலை தாழும். துருத்தியின் சூடு எட்டும் அளவுக்கு அது இறங்கியதும் இரும்பு முழுவதும் உருகும். உருகிவிட்டால் கசடு மேலே மிதந்துவிடும், இழையே தங்காது. உரோமக் கொல்லன் சம்மட்டியால் பிழிந்தும் தீராத கசடை இங்கு நெருப்பே பிரித்தது. கரிமமும் கட்டி முழுவதும் ஒரே சீராகப் பரவியது.

இச்செய்முறையைப் பெயரிலேயே வைத்திருப்பது 'உருக்கு' என்னும் சொல். திருவனந்தபுரத்து நாளிதழ்கள் இன்றும் எஃகாலையை 'உருக்கு' சாலை என்றே எழுதுகின்றன. தமிழகம் 'எஃகு' என்பதற்கு மாறிவிட்டது. கன்னடத்தில் ரகரம் அடுத்த மெய்யில் கரைந்து அதை இரட்டிப்பது இயல்பாதலால் 'உர்க்கு' என்பது 'உக்கு' ஆயிற்று; தெலுங்கிலும் 'உக்கு'. 1794இல் பம்பாயிலிருந்து எலெனசு இசுகாட் இலண்டனுக்கு அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து 1795இல் பியர்சன் கட்டுரை வெளியிட்டபோது இப்பொருள் 'வூட்சு' என்னும் பெயரில் அச்சேறியது. அவ்விந்தையான வடிவம் 'உக்கு' என்பதன் பிழைபட்ட எழுத்துப்பெயர்ப்பு என்பதே பெரும்பாலோர் கருத்து.

மண்ணில் கிடைத்த சான்றுகளில் முதன்மையானது கொடுமணல். நொய்யலாற்றின் கரையில், கரூரையும் பாலக்காட்டுக் கணவாயையும் இணைத்த பெருவழியில் உள்ள ஊர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கு நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உலைகளும் கசடும் மூசைகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணத்தைப் புகழ்வது அங்கு செய்த அணிகலன்களுக்காக. இரும்பைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. புலவர் கண்ணில் படாத கொல்லர் சேரியை மண்வெட்டிதான் காட்டிற்று. மேல்சிறுவளூரில் கிடைத்த மூசைத் துண்டுகளை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அவற்றில் ஒட்டியிருந்த உலோகத் துணுக்குகள் கரிமம் மிகுந்த எஃகு என்று 1990களில் நிறுவினார். கணவாய்க்கு மேற்கே, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007இல் தொடங்கிய பட்டணம் அகழாய்வில் மத்தியதரைக் கடல் மதுச்சாடிகளின் ஓடுகளோடு இரும்புப் பொருள்களும் கிடைத்துள்ளன.

ஆகவே தென்னாட்டு உருக்கு முசிறி வழியாகவும் போயிருக்க முடியும். கடற்பயண நூலின் மௌனம் ஒரு வணிகரின் ஒரு காலத்துப் பட்டியல்தான். ஆனால் 'முடியும்' என்பதைப் 'போயிற்று' என்று மாற்றக்கூடியது பிளினியின் சொல்லன்று. கொடுமணலின் மூசை உட்சுவரில் ஒட்டிய துணுக்குகளின் கரிம அளவு, பட்டணத்து இரும்பில் கசடு இழை உண்டா இல்லையா என்பது, செங்கடல் கரையில் பெரெனிகே, குசேர் அல்-காதிம் போன்ற இடங்களில் தமிழ்ப் பிராமி ஓடுகளும் மிளகும் கிடைத்த அதே அடுக்குகளிலுள்ள துருப்பிடித்த கத்திகளின் குறுக்குவெட்டு: நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டியவை இவை. படைவாளை விட்டுவிட்டுப் பந்திக் கத்தியிலிருந்து தொடங்கலாம்.